பாரன் தீவுக்கு முகவரி இல்லை

நமஸ்காரம். மட்டாஞ்சேரியில் எல்லோரும் சௌக்கியம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

ஆடுகள் மட்டும் இருக்கும் அந்தமான் எரிமலைத் தீவுக்கு யார் தபால் கொண்டுவருவார்கள் என்று சிரிப்பீர்கள். ஆராய்ச்சிக்குக் கல் எடுக்கப் போன உங்கள் ரப்பர் படகு அங்கே கவிழ்ந்தபோது, மற்றவர்கள் நீந்திக் கப்பலுக்குத் திரும்பினார்கள். இரண்டு மழைக்காலம் போய்விட்டது. படகுத்துறையில் சத்தம் கேட்டால் இன்னும் வாசலுக்குப் போகிறேன்.

நேற்று உங்கள் தம்பி சுதர்ஷன், சடங்கு செய்துவைக்கும் வாத்தியாரை அழைத்துவந்தார்.

"உடம்பு கிடைக்கலேன்னா, தர்ப்பையால ஒரு உருவம் பண்ணி தகனம் பண்ணிடலாம்," என்றார் வாத்தியார்.

"போரும் மன்னி. சம்மதிச்சுடுங்கோ," என்றார் சுதர்ஷன், தரையைப் பார்த்துக்கொண்டே.

நீங்கள் எனக்குச் சொன்னதையே அவர்களுக்குச் சொன்னேன். கடலடியிலிருந்து வளர்ந்த அந்த மலை ஆயிரத்து எண்ணூற்று முப்பதுகளில் அடங்கியது. அணைந்தே போயிற்று என்று நினைத்தார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 1991இல், மறுபடி நெருப்பைக் கக்கியது. சத்தமில்லை என்பதற்காகக் காரியம் பண்ணலாமா என்று கேட்டேன். வாத்தியார் காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டார்.

மலையால் காத்திருக்க முடியும். எனக்கு அவ்வளவு ஆயுசு இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குச் சரி என்றுவிட்டேன்.

முதல் பயணத்தில் நீங்கள் கொண்டுவந்த கறுப்பு எரிமலைக்கல்லை அந்த உருவத்தின் நெஞ்சில் வைக்கப்போகிறேன். தர்ப்பை நொடியில் சாம்பலாகிவிடும். கல்லுக்கு நெருப்பு பழக்கம். மறுநாள் அஸ்தி என்று பொறுக்க எனக்கு ஏதாவது வேண்டுமே.

ஞாயிறுவரை குங்குமம் வைத்துக்கொள்ளும்,
உங்கள் மனைவி