பிரபுவின் மனைவி தலைநகரில்

2003 நவம்பர், ஞாயிறு இரவு.

அடுத்த கிழமை இவர் யாழ்ப்பாணத்து வீட்டைப் பார்க்கத் தனியே போகிறார். வரும்வரை நானும் மகளும் பக்கத்துப் புறநகரான பியர்பொன்ட்ஸில் இவருடைய தமையன் பெரியத்தானின் வீட்டில் தங்க வேண்டுமாம். "நீங்கள் இஞ்ச நிண்டால்தான் அவன் கெதியா வருவான்" என்று பெரியத்தான் சொன்ன நாளிலிருந்து எனக்கு அவரில் சந்தேகம். இருவருக்கும் பொதுவான அந்த வீட்டை இவர் தன் பெயருக்கு மாற்றிவிடுவார் என்று அவருக்குப் பயம் போலும்.

இன்று அங்கே சாப்பிடும்போது மகள் பள்ளியில் படித்த ஜப்பானியப் பிரபுவைப் பற்றிச் சொன்னாள். பிரபு ஒரு வருடம் தன் ஊரில் இருக்கலாம், மறு வருடம் தலைநகருக்கு வந்துவிட வேண்டும். மனைவி பிள்ளைகள் மட்டும் எப்போதும் நாட்டை ஆண்ட ஷோகனின் தலைநகரில்தான்.

"பணயம் வச்ச மாதிரி, பெரியப்பா. அப்பதான் அவர் எதிர்த்து எழும்பமாட்டார்."

நான் பெரியத்தானின் முகத்தையே பார்த்தேன். அவர் புட்டைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

கை கழுவ எழும்பிய இவர்தான் நின்று கேட்டார்: "அவையளை விட்டிட்டு அந்தாள் ஊரிலேயே நிண்டிட்டால் என்ன செய்வினமாம்?"

இவர் சிரித்தார். பெரியத்தான் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், பாவம் பார்ப்பது போல.

இவர் இப்போது நல்ல நித்திரை. திரும்பி வரும் டிக்கெட்டை நான் இன்னும் கண்ணால் காணவில்லை.