யாருக்குக் கட்டிய மாலை

சங்கரன்கோவில்
12-6-2025

அன்புள்ள ராஜேஸ்வரிக்கு,

கோமதித்தாய் எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? உன் மகள் பிரேமலதாவுக்கு ராயகிரியில் நிச்சயம் ஆனது கேட்டு வயிறு குளிர்ந்தது. போன் இருக்கக் காகிதம் எதற்கு என்று நினைக்காதே. போனில் பேசுவது நடுத்தெருவில் பேசுவது மாதிரி என்று பட்டுத் தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை தீர்ப்பு வந்தது. என் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். பேத்தி விஜிதா மூன்று தடவை வாசித்துக் காட்டினாள். நான் மாலை பிரிப்பதை வீடியோ எடுத்து, "இழவு மாலையைப் பிரிச்சு கல்யாண மாலை கட்டுதா" என்று லிங்கேஷ் தன் ஊர்ச் செய்திப் பக்கத்தில் போட்டானே, அது பொய் என்று நான் நிரூபிக்கவில்லையாம். பிரித்தது நான்தான். யாருக்குக் கட்டிய மாலை என்று கேட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை.

சூடாத மணமாலை இன்னொரு கழுத்துக்குப் போகக் கூடாது, குப்பைக்கும் போகக் கூடாது, பிரித்துத் தண்ணீரில் விட வேண்டும். அதைச் செய்தவளுக்கு இந்தப் பெயர். நேற்றுக்கூட ஒருத்தன் என் பூக்கடை முன்னால் பைக்கை நிறுத்தி, "ஆச்சி, இது சுடுகாட்டுக்குப் போயிட்டு வந்த பூவா, இனிமேதான் போணுமா?" என்றான். "நீ போகும்போது சொல்லு வே, புதுசாவே கட்டித் தாரேன்" என்றேன். சிரித்தான். பூ வாங்கவில்லை.

அப்பீல் போகிறேன். முப்பது நாள் தவணை. சாட்சி இல்லாமல் அங்கேயும் நிற்காது என்கிறார் வக்கீல் தாவீது. பார்க்கலாம்.

உன்
கோமதித்தாய்

வாசுதேவநல்லூர்
17-6-2025

அன்பு கோமதிக்கு,

உன் காகிதத்தைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் கண்ணில் படக் கூடாது.

போன வருஷம் தை மாதம் உங்கள் ஊர்க் கோயிலில் பத்துப் பேரோடு முடிக்க நினைத்த கல்யாணம் அது. மாப்பிள்ளை வரவே இல்லை. என் பிள்ளை பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்தாள். நீ ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு மாலையையும் கூடையில் எடுத்துப் போனாய். கோர்ட்டில் நீ வாயை மூடிக்கொண்டது எங்களுக்காகத்தான் என்று எனக்குத் தெரியாதா?

ராயகிரிக்காரர்களிடம் நாங்கள் அதைச் சொல்லவில்லை. ஆவணியில் கல்யாணம். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அப்பீல் வேண்டாம். ஊர் நாளைக்கு வேறொன்றைப் பேசும். உனக்கும் அறுபத்து மூன்று ஆகிறது. கடையை மகனிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இரு.

ராஜி

சங்கரன்கோவில்
21-6-2025

ராஜேஸ்வரிக்கு,

உன் மகள் பெயர் என் வாயிலிருந்து வராது. கூண்டில் ஏறி நின்றபோதே வரவில்லை, இனியா வரப்போகிறது? ஆனால் அப்பீல் போகாதே என்று மட்டும் எழுதாதே.

ஊர் வேறொன்றைப் பேசும் என்கிறாய். ஒன்றரை வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். விஜிதாவைக் காலேஜில் "பொணமாலை" என்று கூப்பிடுகிறார்களாம். அவள் எனக்குச் சொல்லவில்லை, கூடப் படிக்கிற பிள்ளை சொன்னது. நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் அஞ்சாம் வகுப்போடு நின்றவர்கள். கடைப் பலகையில் என் பெயரை நானே சாக்பீஸால் எழுதிக் கொடுத்தேன். அதன் மேல்தான் பெயிண்டர் எழுதினான். அதை நான் அழிக்க மாட்டேன்.

இன்னொன்று. கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். நிச்சயதார்த்த மாலை ராஜபாளையத்தில் வாங்கினாயாமே? அந்த வீடியோவில் நான் பிரித்தது யாருக்குக் கட்டிய மாலை என்று தெரிந்தவள், என்னை விட்டால் நீதான். நீயே அங்கே போய் வாங்கினாய். லிங்கேஷ் போட்டது எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

ஜூலை மூன்றாம் தேதி மனு போடுகிறோம். சாட்சி இல்லாமலே.

கோமதித்தாய்

வாசுதேவநல்லூர்
28-6-2025

என் கோமதிக்கு,

உன் காகிதத்தை இந்தத் தடவை ஒளித்து வைக்க முடியவில்லை. தபால்காரரிடமிருந்து பிரேமாவே வாங்கிவிட்டாள். வாசித்துவிட்டு, "ராஜபாளையத்துல எதுக்கும்மா வாங்குன?" என்று ஒன்றுதான் கேட்டாள். மாப்பிள்ளை வீட்டார் அந்த வீடியோவைப் பார்த்திருந்தார்கள், அந்தக் கடையா என்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். இதை அவளிடம் எப்படிச் சொல்ல? உன்னிடம்தான் எப்படிச் சொல்ல?

அன்று சாயங்காலமே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லப் போனாள். நான் கையைப் பிடித்தேன். "இதைக் கேட்டு ஓடுதவன் இப்பவே ஓடட்டும்மா. மாலை கட்டுன பெறகு ஓடவேண்டாம்" என்றாள். சொல்லியும் விட்டாள். மூன்று நாளாக ராயகிரியிலிருந்து பேச்சு இல்லை. வீட்டுக்காரர் எங்கள் இருவரோடும் பேசுவதில்லை.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். புது சாட்சி சேர்க்கத் தனி மனு எழுத வேண்டுமாமே, வக்கீலிடம் இப்போதே சொல்லிவை. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று ஜட்ஜ் கேட்டால், அம்மாக்காரி பயந்துவிட்டாள் என்று நானே சொல்கிறேன்.

ஆவணி மாலை இரண்டும் உன் கையால்தான். அட்டையில் உன் கடைப் பெயரைப் பெரிதாக எழுதிக் கட்டு. இதுவும் நின்றுபோனால் அதைப் பிரிக்க உன் பக்கத்தில் நானும் உட்காருவேன். கடை வாசலில், வெயிலில். எடுக்கிறவன் எடுக்கட்டும்.

ராஜி