காலி வானத்துக் கரும்புள்ளிகள்

அன்புள்ள வாலு, இங்கே இருவரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன், ஆதாரம் எதுவும் இல்லை.

ஜெயித்துவிட்டேன்டா. போன வாரம் போனில் புலம்பினேனே, எங்கள் தொலைநோக்கியில் மாட்டிய அதே கேமராதான். நாங்கள் படமெடுக்கும் விண்வெளித் தூசி மேகம் சாதாரண ஒளியில் வெறும் கறுப்பு, அகச்சிவப்பில் பார்த்தால் உள்ளே இளம் நட்சத்திரக் கூட்டம். ஆனால் அகச்சிவப்பில் நம் வானமே வெப்பத்தில் ஜொலிக்கும். அதனால் கூட்டத்தை ஒரு படம், பக்கத்துக் காலி வானத்தை ஒரு படம், முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிச்சம் நட்சத்திரம். எங்களுக்கு மிச்சத்தில் கரும்புள்ளிகளும் வந்தன. அம்மை போட்ட மாதிரி. கேமரா செத்துக்கிட்டிருக்கும்மா, இந்தப் பருவத்தோட மூட்டை கட்டிடலாம் என்றார் எங்கள் ஆய்வுக்குழுத் தலைவர். நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நான் கட்டிவந்த கேமரா. அதைத் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைப்பவரை ஐஸ்காரர் என்போம், அவருக்கோ கோபம், புள்ள மாதிரி பாத்துக்கறேன், அதுக்குப் போய் வியாதிங்கறீங்களே மேடம் என்றார். அப்பா வழக்கம்போல, மூக்குக்கண்ணாடியத் தொடச்சுப் பாத்தியா என்றார். பாத்திரம் கழுவும்போது தோன்றியது. கேமராவில் பழுது என்றால் புள்ளி இடம் மாறக் கூடாது. ஆய்வகத்துக்கு ஓடினேன். காலி வானத்தை மேகத்தின் மறுபக்கத்தில் எடுத்துக் கழித்தேன், அத்தனை புள்ளிகளும் இடம் மாறின. பழுது நகராது. நாங்கள் காலி என்று நினைத்த இடம் காலியில்லை, அங்கிருந்த நட்சத்திரங்கள்தான் கழிக்கும்போது கறுப்பாக விழுந்திருக்கின்றன. பெற்ற பிள்ளைகளையே கழித்துக்கொண்டிருந்திருக்கிறோம். தொலைநோக்கியை நேராக அங்கேயே திருப்பி, வெகுதூரம் தள்ளி உண்மையான காலியைத் தேடிப் பிடித்துக் கழித்தேன். திரையில் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றையும் சுற்றிச் சூடு ஆறாத தூசி. இப்போதுதான் பிறந்தவை. அதே மேகம், அதே வயது, அதே கூட்டம், நாங்கள் நினைத்ததைப் போல இரண்டு மடங்கு பரப்பு. தலைவர் திரைக்கு முன்னால் நின்றபடியே, மூட்டை கட்ட வேண்டியது என்னையத்தான் என்றார். கேமரா தொடர்கிறது. ஐஸ்காரர் எல்லோருக்கும் டீ வாங்கினார், தலைவருக்கு மட்டும் ஆறிப்போன டீ.

படத்தை உன் அறைச் சுவரில் ஒட்டினேன். காலி ரூம்ல எதுக்கு என்றார் அப்பா. கூட்டத்தின் நடுவிலிருந்து ஓரத்து நட்சத்திரம்வரை விரலால் இழுத்துக் காட்டினேன். அவ்வளவு தள்ளி இருப்பதும் இதே கூட்டம்தான். நிரூபித்தாகிவிட்டது.

நன்றாக இருடா, நினைத்ததெல்லாம் உன் கைக்கு வரட்டும். ஞாயிற்றுக்கிழமை போனை எடு. அப்பா கோபம் போல நடிப்பார், நம்பாதே.

உன்னைக் கழிக்கத் தெரியாத
அம்மா