மூன்றாம் மாடிக்கு வந்த கயிறு

ஜனவரி 6, திங்கள்

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. பீச் ரோட்டில் முன்பு சங்கு மூட்டைகள் அடுக்கிவைத்து, பிறகு இடிந்து கிடந்த பழைய கிட்டங்கியைக் கண்ணாடி மாளிகையாக்கி, வாசலில் ஓர் ஆங்கிலப் பெயரையும் மாட்டிவிட்டார்கள். மூன்றாம் மாடி, கடைசி அறை. ஜன்னலில் துறைமுகம் முழுசாகத் தெரிகிறது. இனி எந்தக் கப்பல் ஏஜெண்டும் என் வீட்டு மாடியைப் பார்த்து முகம் சுளிக்க முடியாது.

கப்பலின் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்யும் தொழிலுக்கு ஏசி அறை எதற்கு என்று அக்கா டயானா கேட்டாள். அவள் கேட்க வந்தது வேறு. பதினோரு வருடமாக அவள் புருஷன் ஜாய்சன் அத்தான் கப்பலுக்கு அடியில் முங்குகிறார். நான் படகில் உட்கார்ந்து அவர் இடுப்புக் கயிற்றைப் பிடிக்கிறேன். முத்துக் குளித்த காலத்திலிருந்தே எங்கள் ஆட்களிடம் இதுதான் முறை. முங்குகிறவன் கயிறு மச்சினன் கையில்தான். அக்கா தாலியை நினைத்தாவது அவன் விடமாட்டான் என்று கணக்கு. ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் இன்னும் கொஞ்சம் கயிறு விடு. நாலு என்றால் தூக்கு.

நான் இங்கே உட்கார்ந்தால்தான் ஆர்டர் வரும். கயிற்றுக்குப் பெனிஸ்டன் அண்ணனை வைத்திருக்கிறேன். இருபது வருட அனுபவம்.

"பெனிஸ்டன் அண்ணன் நல்ல மனுசந்தாம்லே. ஆனா அவருக்கு நான் யாரு?" என்றாள் அக்கா.

ஜனவரி 9, வியாழன்

பதினொன்று இருபது. மெயில் அடித்துக்கொண்டிருந்தேன். வலது உள்ளங்கையில் ஒரு இழுப்பு. விரல்கள் பழக்கத்தில் தாமாக மடங்கின. நரம்புதான் என்று கையை உதறினேன்.

சாயந்திரம், பெனிஸ்டன் அண்ணன் படகில் இழுப்புகளைக் குறித்துவைக்கும் நோட்டைப் பார்த்தேன். 11.20 — ஒரு இழுப்பு, நலம்.

தற்செயல். வேறென்ன?

ஜனவரி 10, வெள்ளி

இன்றும். 10.52. நோட்டிலும் 10.52.

ஜனவரி 20, திங்கள்

வளாகத்தைக் கவனித்துக்கொள்ளும் ரம்யா வந்தார். "சார், உங்க டேபிளுக்கு அடியில மட்டும் கார்ப்பெட் நனைஞ்சிருக்கு. ஏசி லீக்கா இருக்கும்." பிளம்பர் வந்து பார்த்தார். இந்தப் பக்கம் குழாயே வரவில்லையாம்.

அவர்கள் போனபின் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

இந்த மாடிக்கு என்னைத் தவிர யாரும் குடிவரவில்லை. மற்ற அறைகளில் வெறும் நாற்காலிகள், பட்டப்பகலில் விளக்கெரிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. என் டைரியில் எழுத என்ன வெட்கம்.

ஜனவரி 22, புதன்

பைத்தியக்காரத்தனம் ஒன்று செய்தேன். இழுப்பு வந்ததும் கையை மூடிப் பதிலுக்கு ஒரு தடவை இழுத்தேன். வெறும் காற்றை. கனமாக இருந்தது.

சாயந்திரம் கரையில் அத்தான், "இன்னைக்கு நல்லா இழுப்பு வந்துச்சு மாப்ள. ஒன் கை மாதிரியே இருந்துச்சு" என்றார்.

படகைக் கழுவிக்கொண்டிருந்த பெனிஸ்டன் அண்ணன் திரும்பிப் பார்த்தார். "நான் இன்னைக்கு ஒண்ணும் குடுக்கலையே."

அத்தான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

பூசை முடிந்து அத்தானை ஆபீஸ் பார்க்கக் கூட்டிவந்தேன். மக்ரூன் பொட்டலத்தோடு என் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றினார். "கப்பல் கேப்டன் கணக்கால்லா இருக்க மாப்ள!"

அப்போது இழுத்தது. இரண்டு. கொஞ்சம் பொறுத்து நாலு. நாலு!

எதிரே அத்தான், வாய் நிறைய மக்ரூன். கடலில் எங்கள் ஆள் ஒருவரும் இல்லை. அப்படியானால் அந்த முனையில் யார்?

கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். சற்று நேரத்தில் விட்டது. இந்த அறையில் ஏதோ இருக்கிறது. அது என்னிடம் விளையாட்டுக் காட்டுகிறது. இனி எது வந்தாலும் நம்பக் கூடாது.

ஜனவரி 28, செவ்வாய்

அக்காவிடம் சொல்லலாமா? ஆபீஸைக் காலி பண்ணு என்பாள். அடுத்த செவ்வாய் பெரிய கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், ஒரு வருட ஒப்பந்தம் பேச. அது முடியட்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இப்போதே எழுதிவிட வேண்டும். நாளை என்றால் மாற்றி எழுதிவிடுவேன்.

11.05. எதிரே மூன்று பேர். திரையில் எங்கள் வேலைப் படங்கள். நாலு இழுப்பு. நான் பேச்சை நிறுத்தவில்லை. மறுபடி நாலு. போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பெனிஸ்டன் அண்ணனைக் கூப்பிட ஒரு நிமிஷம் போதும். நான் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தேன். விளையாட்டு என்று நினைத்தேன். மூன்றாம் தடவை இழுத்த இழுப்பில் கை மேசை விளிம்பில் இடித்தது. "என்ன சார், உடம்புக்கு முடியலையா?" என்றார் ஒருவர். ஒண்ணுமில்ல சார் என்று சிரித்தேன். கையை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டேன்.

அப்புறம் தளர்ந்துவிட்டது. அத்தனை தளர்ந்த கயிற்றை இந்தக் கை ஒருநாளும் பிடித்ததில்லை.

11.40-க்குப் பெனிஸ்டன் அண்ணன் போன். அத்தான் போய்விட்டார்.

பிப்ரவரி 6, வியாழன்

அடக்கம் முடிந்தது.

பிப்ரவரி 12, புதன்

அனுதாபம் சொல்லி அந்தக் கம்பெனி மெயில் அனுப்பியிருக்கிறது. ஒப்பந்தம் எங்களுக்குத்தானாம். படித்துவிட்டு போனை அணைத்தேன்.

பெனிஸ்டன் அண்ணன் அக்கா வீட்டுக்கு வந்து அழுதார். "பைபிள் மேல அடிச்சிச் சொல்லுதேன் தங்கச்சி, கயிறு அசையவே இல்ல. காத்துக்குழா புரொப்பல்லர்ல மாட்டியிருக்கு. அவரு ஒருக்கா இழுத்திருந்தாலும் நான் தூக்கியிருக்க மாட்டேனா?"

அவர் பொய் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும்.

அவர் போனபின் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பதினோரு வருசம் பிடிச்சவம்லா நீ, சொல்லுலே. அந்த மனுசன் யாரையும் கூப்பிடாமலா செத்திருப்பாரு?"

"தெரியாதுக்கா" என்றேன்.

நம்பிவிட்டாள். என் வலது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீ இருந்திருந்தா விட்டிருக்க மாட்டலே" என்று அழுதாள்.