தூசியே சேராத பை

ஸ்டெல்லாக்கா,

சண்டை போடாமல் உன்னோடு பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால் சண்டையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்த பங்களாக்காரர்கள் எஸ்டேட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது எத்தனையோ சாமான்களை விற்றார்கள். போயும் போயும் ஒரு பழைய வேக்குவம் கிளீனரையா நீ வாங்க வேண்டும்?

ஏன் வாங்கினாய் என்று தெரியும். மூச்சிரைப்புக்குத் தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். துடைப்பத்தைத் தொட்டாலே உனக்கு இழுக்க ஆரம்பித்துவிடும். உன் தையல் மிஷினுக்கு அடியில் சேர்கிற நூலும் துணிப்பொடியும் வேறு. நான் அப்போது சேலத்தில் இருந்தேன். போனில் அவ்வளவு பெருமையாகச் சொன்னாய்: "இனி எனக்கு ஒண்ணும் ஆவாது, லில்லி."

இப்போது நான் மலைமேல் கொட்டச்சேட்டில், உன் வீட்டில்தான் இருக்கிறேன். சேலத்து வேலையை விட்டுவிட்டேன். ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் ரூம் சுத்தம் செய்கிறேன். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்புகிறேன். மச்சான் திருப்பூரிலேயே இருக்கிறார். எப்போதாவது வருகிறார், கல்லறைக்குப் போகிறார், மகளின் தலையைத் தடவுகிறார், அடுத்த பஸ் ஏறிவிடுகிறார். அவரைத் திட்டவும் மனசு வரமாட்டேன் என்கிறது.

ஷீபா நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். சிரித்தால் அப்படியே நீதான். நெஞ்சும் உன் நெஞ்சுதான் அக்கா. இந்த மழைக்கு அவளுக்கும் இழுக்க ஆரம்பித்துவிட்டது. உனக்கு எழுதிக்கொடுத்த அதே நீல இன்ஹேலரை அவளுக்கும் எழுதிக்கொடுத்தார் டாக்டர். தூசி ஆகாதும்மா, துடைப்பம் வேண்டாம் என்று அதே வார்த்தைகளையும் சொன்னார். நான் அவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் பரணிலிருந்து உன் வேக்குவம் கிளீனரை இறக்கினேன். ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் சத்தத்துக்குள்ளே இன்னொரு சத்தம் வந்தது. 'ஈ' என்று மெல்லிசாக ஏறியது, அடைத்தது, மறுபடி ஏறியது. ஷீபா காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள்.

"நிறுத்துங்க சித்தி. அம்மா மூச்சு உடற மாதிரியே இருக்குது."

அதற்கப்புறம் மிஷினைத் தொட்டாலே அழுவாள். அழுதால் இழுக்கும். துடைப்பத்தை எடுத்தாலோ தூசிக்கு இழுக்கும். அந்தச் சத்தத்தை நிறுத்தாமல் எனக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவரிடம் கொண்டுபோகலாம் என்று மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். குழாய் பக்கத்துச் சீட்டுவரைக்கும் நீட்டிக்கொண்டிருந்தது. "ஏனுங்க, யானைக்குட்டிய எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்றார் கண்டக்டர். நீயாக இருந்தால் அதற்கு அரை டிக்கெட் கேட்டிருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைக்காரர் காதை வைத்துக் கேட்டார். "பேரிங் போயிருச்சுங்க. நொம்பப் பழசு, சாமான் கெடைக்காது. ரெண்டு சொட்டு எண்ணெய் உட்டிருக்கறன், ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்றார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். அதே சத்தம்தான், கூடவே எண்ணெய் வாசம்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், முன்வாசலில் சாக்கை விரித்து நானே அதைப் பிரித்தேன். லாட்ஜில் இது மாதிரி ஒன்றைத்தான் தினமும் உருட்டுகிறேன். அதன் பை சாயங்காலத்துக்குள் தூசியில் உப்பிவிடும். உன் மிஷினைத் திறந்தால் உள்ளே கறுப்பாக ஒரு பை இருந்தது. தையலைப் பார்த்ததுமே உன் கை என்று தெரிந்துவிட்டது.

குடைத் துணி. இந்த மலையில் மூடுபனி இறங்கினால் கொடியில் போட்டது வாரக்கணக்கில் காயாது. காப்பிப் பழம் பறிக்கிற பெண்களுக்குத் தலையோடு போர்த்திக்கொள்ள நீ குடைத் துணியில் தைத்துக்கொடுப்பாய். மிஞ்சின துண்டில் ஷீபாவின் பள்ளிக்கூடப் பைக்கு உறை, தலையணைக்கு உறை, ஏன், பைபிளுக்கே ஒரு உறை. நனைந்தாலும் உதறினால் காய்ந்துவிடும் என்பாய். அது ஒன்றே போதும் உனக்கு.

மிஷின் ஓடவில்லை என்றதும் ஷீபா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அது அம்மா தைச்சதுங்க சித்தி. பழைய பை காயவே இல்ல, நாத்தம் அடிச்சுது. இதுன்னா கழுவி ஒதறுனாப் போதும்." பையை என் கையிலிருந்து வாங்கி விரித்துக் காட்டினாள். "பாருங்க, உள்ள தூசியே இருக்காது. அம்மா தெனமும் தொறந்து காமிப்பாங்க. நம்ம ஊடு அத்தன சுத்தம்னு சொல்லுவாங்க."

தண்ணீர் கொண்டு வா கண்ணு என்று அவளை உள்ளே அனுப்பினேன். பையின் வாயில் என் வாயை வைத்து ஊதினேன். காற்று போகவில்லை. மழைத்துளியையே உள்ளே விடாத துணி, காற்றை எப்படி வெளியே விடும்? பின்பக்கத்து மூடியைக் கழற்றினேன். மோட்டாரைச் சுற்றி, காற்று வெளியேறுகிற சல்லடையில், எல்லா இடத்திலும் சாம்பல் மாதிரி நைசான தூசி அப்பியிருந்தது. பைக்குள் போக முடியாமல் அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு பின்வழியாக வெளியே வந்த தூசி. தைத்த ஓட்டைகளிலும் கழுத்திலும் சீறிய காற்றுதான் அந்தச் சத்தம்.

பனிக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டுத்தானே நீ மிஷினைப் போடுவாய்? தரையில் சும்மா கிடந்த தூசியை எடுத்து, நைசாக்கி, தினமும் நீயே உன் மூக்குக்கு நேராக ஊதிக்கொண்டாய். பிறகு பையைத் திறந்து பார்த்துச் சந்தோஷப்பட்டாய்.

உன்னை நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்க வேண்டும் போல இருந்தது. யாரைக் கேட்பது? அதனால்தான் உனக்கு முற்றியதா? இது இல்லாவிட்டாலும் அந்த நெஞ்சு அவ்வளவுதானா? டாக்டரிடம் கேட்கலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் எந்த முகத்தோடு இந்த வீட்டுக்குத் திரும்பி வருவேன்?

மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வெளியே வைத்துத் துடைத்தேன். காற்று போகிற காடாத் துணியில் உன் தையல் மிஷினிலேயே ஒரு புதுப் பை தைத்தேன். கோணல்தான். நீ பார்த்திருந்தால் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்லியிருப்பாய்.

"அம்மா தைச்சதத் தூக்கிப் போட்றாதீங்க சித்தி" என்றாள் ஷீபா. மூன்று தண்ணீரில் அலசிக் கொடுத்தேன். உதறியதும் காய்ந்துவிட்டது. அதில்தான் இப்போது கலர் பென்சில்களைப் போட்டு வைத்திருக்கிறாள்.

ஜன்னலைத் திறந்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். மோட்டார் சத்தம் மட்டும் வந்தது. முதலில் அவள் கதவோரம் நின்று பார்த்தாள். காதைப் பொத்தவில்லை. பிறகு தானே வந்து குழாயைப் பிடித்து, உன் தையல் மிஷினுக்கு அடியில் விட்டு நூலையெல்லாம் இழுத்தாள். நீ போனதற்கப்புறம் அன்றைக்குத்தான் எனக்கு மனசு கொஞ்சம் லேசானது.

"சத்தம் போயிருச்சு சித்தி" என்றாள். நான் மிஷினை அணைத்தேன்.

அணைத்த பிறகும் அது கேட்டது. மெல்லிசாக ஏறியது, அடைத்தது, மறுபடி ஏறியது. பிளக்கைப் பிடுங்கினேன். அப்போதும் கேட்டது. குழாயைப் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள் உன் மகள். அவள் நெஞ்சிலிருந்து வருகிற அது அவளுக்கே கேட்கவில்லை.

மலையை விட்டு இறங்கிவிடுங்கள் என்கிறார் டாக்டர். கீழே புகை, மேலே ஈரம். எங்கே போய் அவளுக்கு மூச்சு வாங்கிக்கொடுப்பது? உனக்குத் தெரிந்தால் சொல்லு. எனக்குத் தெரியவில்லை, அக்கா. அந்தச் சத்தத்தைப் பிரித்துப் பார்க்க என்னிடம் ஸ்குரூ டிரைவர் இல்லை.

என்னால் கொடுக்க முடிந்த வாக்கு ஒன்றுதான். அந்தப் பையில் ஏன் தூசி சேரவில்லை என்பது என் வாயால் அவளுக்குத் தெரியாது. இதைப் படிக்கிறவர்கள் யாராவது கொட்டச்சேட்டுப் பக்கம் வந்தால், நீங்களும் சொல்லிவிடாதீர்கள். அம்மாவின் வீடு எப்படி இருந்தது என்று அவள் எத்தனை வயதில் கேட்டாலும் சொல்வேன்: அத்தனை சுத்தம் சாமி, பையைத் திறந்தால் தூசியே இருக்காது.

உன்னோடு இன்னும் சண்டை தீராத,
உன் தங்கச்சி,
ஷீபாவின் சித்தி,
லில்லி