பலூனுக்குள் நான் எழுதியது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், அப்பா கோபமாகச் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தலைக்குக் குளித்தால் ஈரம் போகத் துவட்டிக்கொண்டு, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம்தான், நீ வீடியோவில் வந்தால் அப்பா பக்கத்து அறைக்குப் போகிற மாதிரிப் போய்க் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கிறார், அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் நீ அவரிடம், எனக்கு முப்பது தாண்டியாச்சு, இன்னும் பேப்பரில் என்னைச் சர்க்கரை திருட விடுகிறீர்களே, ஆபீஸில் எல்லாரும் ரெட்டைவால் என்று கூப்பிடுகிறார்கள் என்று சண்டை போட்டு போனை வைத்தாய் அல்லவா, மறு வாரமே அவர் பேப்பரில் வரைகிற படக்கதையில் ரெட்டைவாலைக் காணோம். இருபத்தொரு வருஷமாக ஒன்பது வயசிலேயே நின்று வீட்டை ரெண்டுபடுத்திய பெண்ணை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். அதிலிருந்து தினமும் மூன்று கட்டத்திலும் மூக்குப் பெருத்த அப்பாவும் இடுப்புப் பெருத்த அம்மாவும் உட்கார்ந்து மழை வருமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த இடுப்பு என்னுடையது இல்லை என்று இன்றுவரை சாதிக்கிறார். அந்தப் பேச்சை எழுதிக் கொடுக்கிற எனக்கே கொட்டாவி வந்தது, படிக்கிறவர்களைக் கேட்கவா வேண்டும். பேப்பருக்குப் புதிதாக வந்த ஆசிரியர் வீட்டுக்கே வந்து, இப்போது எல்லாப் பேப்பரிலும் பூனைக் கதைதான் ஓடுகிறது, மாசக் கடைசியோடு உங்கள் குடும்பத்தை நிறுத்திக்கொள்ளலாம் என்று நயமாகச் சொன்னார். அப்பா தாராளமாகச் செய்யுங்கள் என்றார். ஆசிரியர் போனதும் ஒரே பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார், அது சுண்டுவிரல் அளவுக்கு வந்துவிட்டது.

நம் வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியும். படம் அவருடையது, படத்தில் இருப்பவர்கள் பேசுகிற பலூனுக்குள் எழுத்து என்னுடையது. வசனத்தைத் துண்டுச் சீட்டில் கொடுப்பார், நான் எழுதி நேரே அனுப்பிவிடுவேன், அவர் திரும்பிப் பார்க்கமாட்டார், என் மேல் அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் மண்ணைப் போட்டேன். போன ஞாயிற்றுக்கிழமைக் கதையில் போன் அடிக்கிறது, மூக்கர் எடுக்கிறார், கடைசிக் கட்டத்தில் திகைத்து நிற்கிறார். சீட்டில் இருந்தது ஏதோ ராங் நம்பர் ஜோக், சிரிப்பே வரவில்லை. சீட்டை மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டுவிட்டு, போனிலிருந்து வரும் பலூனில், "அப்பா, நான்தான். அடுத்த மாசம் வரேன். வயசு முப்பத்தொண்ணு ஆச்சு, பார்த்து வரைங்க" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

பேப்பர் வந்ததும் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை. ஆனால் ஆசிரியர் போன் செய்தார், பெண் எந்தத் தேதியில் வருகிறாள் என்று வாசகர்கள் துளைத்தெடுக்கிறார்களாம், அவள் வரும்வரை பூனை காத்திருக்கட்டும் என்கிறார். நம் பல் டாக்டர் என் வாயில் இடுக்கியை வைத்துக்கொண்டு அதையே கேட்கிறார், நான் எப்படிப் பதில் சொல்ல. நேற்று மேஜையைத் துடைக்கப் போனேன், காகிதம் முழுக்க ஒரு பெரிய பெண்ணைப் பத்துப் பதினைந்து தடவை வரைந்து வரைந்து அழித்திருக்கிறார். ஒன்றில்கூட நீ இல்லை, ஒன்று அசல் உன் சித்தி. பின்னால் வந்து நின்று, மூன்று நாளுக்கு அப்புறம் வாயைத் திறந்தார். "அவ இப்போ கண்ணாடி போட்டிருக்காளா?" என்றார். எனக்கா தெரியாது. மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டேன்.

அதனால் அவருக்கு போட்டோ கீட்டோ எதுவும் அனுப்பாதே, டிக்கெட் எடு. பேப்பரில் வந்த பிறகு பின்வாங்கினால் என் எழுத்துக்கு என்ன மரியாதை. வந்து ஒரு மணி நேரம் அவர் எதிரில் அசையாமல் உட்கார், போதும். சர்க்கரை டப்பாவை மேல்தட்டிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன். குறையொன்றும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அது என் ஆசி. மறக்காமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வா.

இப்படிக்கு,
அந்த இடுப்புக்குச் சொந்தக்காரி,
உன் அம்மா