எல்லைத் தெருவுக்குத் தண்ணீர்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நீ செய்தித்தாள் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி ஆனதில் எனக்கும் வருத்தம்தான். உங்கள் கூட்டுக் குடிநீர் வாரியத்தைக் கலைக்க எங்கள் நகராட்சி தீர்மானம் போட்டுவிட்டது. தலைவர் என்ற முறையில் கொண்டுவந்தவள் நான்.

இரண்டு ஊருக்கும் ஒரே ஏரி என்றிருந்தபோது தண்ணீரைப் பங்கு பிரிக்க வாரியம் வேண்டியிருந்தது. இப்போது ஆளுக்கொரு பெரிய குழாய் வந்துவிட்டது. உன் பம்பு அறையில் புறாக்கள் குடித்தனம் நடத்துகின்றன. இரண்டு ஊர்த் தலைவர்களும் உன்னோடு கூடுகிறோம், போன கூட்டத்தின் குறிப்பைப் படிக்கிறோம், டீ குடித்துவிட்டுக் கலைகிறோம். நீயே சொல்லிச் சிரித்ததுதானே?

உனக்கும் வாரியத்துக் காவலாளிக்கும் எங்கள் அலுவலகத்தில் இடம் போட்டுவைத்திருக்கிறேன். வெயில் ஏறுகிறது, வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 11

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு நலம். இரண்டு நகராட்சிகளும் தீர்மானம் போட்டால்தான் வாரியம் கலையும். அடுத்த ஊர்த் தலைவரைப் பார்த்தேன். "உங்க அக்கா சொல்லி நாங்க ஏன் கேக்கணும்?" என்றார். நான் தூண்டிவிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இத்தனை வருஷம் வாரியச் செயலாளராக இருந்தவன், உன் அலுவலக மூலையில் 'தலைவரம்மாவோட தம்பி' என்று உட்காருவதற்குப் புறாக்களோடு இருப்பது மேல்.

இப்படிக்கு,
செயலாளர்

ஏப்ரல் 9

தம்பிக்கு,

அந்த ஊரில் தீர்மானம் தோற்றுவிட்டது. சந்தோஷம்தானே? நேற்று வாரியக் கூட்டத்தில் என் முகத்தைப் பார்க்காமலே 'தலைவர் அவர்களே' என்று குறிப்பைப் படித்தாய். உன் அத்தான், "என்ன, மச்சானை வீட்டுப் பக்கமே காணோம்?" என்கிறார். வேலை அதிகம் என்று சொல்லி வைத்தேன். அவரும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

அக்கா

மே 20

அக்காவுக்கு,

எல்லைத் தெருவில் குழாய் உடைந்து ஒரு வாரம் ஆகிறது. அந்தத் தெருவின் ஒரு வரிசை வீடுகள் உன் ஊர், எதிர் வரிசை அடுத்த ஊர். நடுவில் போகும் குழாய் இன்னும் வாரியத்தின் பெயரில் இருக்கிறது. உன் என்ஜினியர், "அது வாரியத்துக் குழாய், நாங்க தொடக்கூடாது" என்றார். அடுத்த ஊர்க்காரரும் அதே பாட்டு. எங்களிடம் ஒரு பிளம்பர்கூடக் கிடையாது. இரண்டு பக்கத்து என்ஜினியர்களுக்கும் நினைவூட்டல் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை அந்தத் தெருத் தையல்காரம்மா வந்தார்.

"நீங்க ரிப்பேர் பண்ணுவீங்களா சார்?"

"எங்ககிட்ட ஆள் இல்லம்மா."

"அப்ப முனிசிபாலிட்டி பண்ணுமா?"

"வாரியத்துக் குழாய்ங்கிறதால அவங்க தொட முடியாது."

"அப்ப, நீங்க இல்லாம இருந்தா எங்களுக்குத் தண்ணி வந்திருக்குமா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "வந்திருக்கும்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மதியமே அடுத்த ஊர்த் தலைவரிடம் போனேன். நான் வந்து கலைக்கச் சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "உங்க அக்கா மிரட்டினாங்களா?" என்றார். தெருவுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். இந்த மாதமே தீர்மானம் போடுகிறார்கள். குழாயை உன் ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. அதுவரைக்கும் காத்திருக்காதே. நாளைக்கே ஆள் அனுப்பு. செயலாளராக அனுமதி தந்து இத்துடன் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

தம்பி

மே 23

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றுச் சாயங்காலம் தண்ணீர் விட்டாயிற்று. என்ஜினியரைக் கூப்பிட்டு நன்றாகக் கேட்டுவிட்டேன். ஒரு வாரமாக என் காதுக்கு வராதது எப்படி என்று என்னையும் கேட்டுக்கொண்டேன்.

உன் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மூலையில் இல்லை, ஜன்னல் ஓரத்தில். யோசித்துச் சொல்.

அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

கடைசிக் கூட்டம் முடிந்ததும் நீ அவசரமாகக் கிளம்பிவிட்டாய். அதன் பிறகு நடந்தது இவ்வளவுதான். 'செயலாளர் நன்றி கூறினார்' என்று கூட்டக் குறிப்பை எழுதி முடித்தேன். அதைப் படித்து ஒப்புதல் தர அடுத்த கூட்டம் கிடையாது என்பது அப்புறம்தான் உறைத்தது. பேனாவை மூடிவிட்டேன். காவலாளி பெயர்ப்பலகையைக் கழற்றினார். அவர் திங்கட்கிழமை உன்னிடம் வேலைக்கு வருகிறார். முழங்கால் வலி உண்டு, மாடிப்படி ஏற வைக்காதே.

எனக்கு அந்த இடம் வேண்டாம். கோபமில்லை. கடைத்தெருவில் மோட்டார் விற்கிறவர் ஒருவருக்குக் கணக்கு வழக்கு பார்க்க ஆள் தேவைப்பட்டது, சேர்ந்துவிட்டேன். நாம் இருவரும் ஒரே மேஜையில் உட்கார இனி அலுவல் காரணம் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறேன். அத்தானிடம் சொல்லிவிடு.

உன் தம்பி